ஏரி பாத்துட்டு வரலாம்

ஞாயிற்றுக்கிழமை சலவைக்கடைக்கு விடுமுறை. அந்த ஞாயிற்றை நினைத்தே வியாழக்கிழமையிலிருந்து இஸ்திரி போடுகிற தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. தேய்த்த சட்டையையே மறுபடி எடுத்துத் தேய்த்தாள். மடித்த போர்வையை உதறி மறுபடி மடித்தாள்.

"காலையிலேயே கிளம்பறோம். கடலோரமாவே நடக்கறோம். ஏரி பாத்துட்டு, சாப்பிட்டு, இருட்டறதுக்குள்ள வீடு. என்னக்கா?"

சில நாளாக இதே பேச்சுதான். நீராவி இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று சீறியதில் பாதிப் பேச்சைக் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஜன்னலோரம் உட்கார்ந்து, அறுந்த பட்டன்களைத் தைத்துக்கொண்டிருந்த அக்கா நிமிரவில்லை. "நீங்க போயிட்டு வாங்கடி. நான் வீட்டைப் பாத்துக்கறேன்."

"வீடு எங்கேயும் ஓடிப்போயிடாது!"

முழங்காலில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பிறகு அக்கா கடையை விட்டால் வீடு, வீட்டை விட்டால் கடை என்று ஆகிவிட்டாள். தாராளமாக நடக்கலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். கூட வருகிறவர்களுக்குத் தன்னால் தொல்லை என்ற நினைப்புத்தான் அவளைக் கட்டிப்போட்டிருந்தது. இந்தப் பயணமே அவளுக்காகத்தான். அவள் வராவிட்டால் தங்கையும் போவதாக இல்லை. மேடுபள்ளமே இல்லாத பாதையாகப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்திருந்தாள். அதைச் சொன்னால் காலைக் குத்திக்காட்டியது போல் ஆகிவிடுமோ என்று வாயைத் திறக்கவில்லை. பிரியம் அதிகமானால் சொல்ல வேண்டியதையும் சேர்த்து விழுங்கிவிடும்.

கடையின் வண்டி ஓட்டுநர் துணிமூட்டையோடு உள்ளே பாய்ந்தான். எதையும் ஓடிக்கொண்டே செய்வதால் அவனுக்கு 'அவசரம்' என்றே பெயர். கடற்கரை விடுதிகளுக்குத் துணி கொண்டுபோகும்போது இந்தப் பாதையைக் கண்டுபிடித்துச் சொன்னவனும் அவன்தான்.

"சின்னக்கா, ரொட்டி நான் வாங்கிடறேன். பழம் நீங்க. தொப்பி அவங்கவங்க தலை, அவங்கவங்க பொறுப்பு!"

"சரி தம்பி. அப்புறம், மாடியிலேர்ந்து ஹேங்கர் கட்டையெல்லாம் நீயே இறக்கி வெச்சுட்டே போலிருக்கே. நீ நல்லா இருக்கணும்."

அவசரம் ஒரு நொடி விழித்தான். தானாக வந்த வாழ்த்தை விடுவானேன் என்று பல்லைக் காட்டினான். அக்கா ஊசியில் நூல் கோக்கக் குனிந்தாள். நூல் கோக்கும்போதெல்லாம் கடவுளை ஒரு வார்த்தை கூப்பிடுவது அவள் வழக்கம். இன்று கொஞ்சம் நீளமாகவே கூப்பிட்டாள்.

"ஏண்டி, கைப்பிடி இருக்குமா?" என்றாள் திடீரென்று.

"சாப்பாட்டுப் பைக்கா? ரெண்டு பக்கமும் இருக்கு."

"பைக்கு இல்லடி, அங்கே. பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாம, கால் வழுக்கி விழுந்துட்டா?"

"விழுந்தா என்ன? இடுப்பளவுதான் இருக்கும். நனைஞ்சுட்டு எழுந்து வரவேண்டியதுதான்."

அக்கா ஊசியைக் கீழே வைத்தாள். "மலை எப்படிடி இடுப்பளவு இருக்கும்?"

இஸ்திரிப் பெட்டி கூடச் சீறுவதை நிறுத்திவிட்டது போலிருந்தது.

"எந்த மலை?"

"நீதானே சொன்னே, ஏறிப் பாத்துட்டு வரலாம்னு!"

அவசரம் அப்படியே துணிமூட்டை மேல் சாய்ந்துவிட்டான். தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஏரிக்கா, ஏரி! தண்ணி! மீனு! வாத்து!"

அக்கா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கும் சிரிப்பு பீறிட்டது. மடியிலிருந்த பட்டன் டப்பா கவிழ்ந்து, பட்டன்கள் அறை முழுக்க உருண்டோடின.

"அடிப்பாவி! அப்போ நான் எதுக்குடி இத்தனை நாளா மாடிப்படி ஏறி ஏறி இறங்கினேன்?"

சிரிப்பு சட்டென்று நின்றது.

"மாடிப்படியா? நீயா?"

"நான் வரலைன்னா நீயும் போகமாட்டே. உன்னை எனக்குத் தெரியாதா? அதான், ஒருவேளை முடிஞ்சா பாப்போம்னு யாரும் இல்லாதப்போ ஏறிப் பழகினேன். வெறுங்கையோட எதுக்கு இறங்கணும்னு ஹேங்கரையும் எடுத்துட்டு வந்தேன்."

தங்கை அக்காவின் காலடியில் உட்கார்ந்து பட்டன்களைப் பொறுக்கினாள். கண்ணீர் மறைத்ததால் ஒன்றும் சரியாகக் கையில் சிக்கவில்லை. ஒருத்தி மற்றவளுக்காக மேடில்லாத வழியைத் தேட, மற்றவள் இவளுக்காக மேடேறப் பழகியிருக்கிறாள். இப்படிப்பட்டவர்களைப் பார்த்துக் கடவுள் நிச்சயம் புன்னகைத்திருப்பார். அந்தக் காலுக்கு வேண்டிய பலத்தையும் அவர்தான் கொடுத்திருப்பார்.

பிறகு தங்கை அவசரத்தை முறைத்தாள். "அப்போ நீ?"

"நான் இறக்கினேன்னு எப்போ சொன்னேன்? நீங்க வாழ்த்தினீங்க, வாங்கிக்கிட்டேன். வேணும்னா பெரியக்காகிட்ட கொடுத்துடறேன்."

"சரி, விடு. அக்கா, ஏரிக்கு வர்றியா இல்லையா?"

அக்கா பட்டன் டப்பாவை மூடினாள். "ஏன் தம்பி, அந்த ஏரிப் பக்கம் மேடு ஏதாவது இருக்கா?"

"சின்னதா ஒரு மணல்மேடு இருக்கு பெரியக்கா. நாம அதைச் சுத்திப் போயிடலாம். ஏன்?"

"இவ்வளவு பழகிட்டு வீணாக்குவானேன்?" என்றாள் அக்கா. "ஏறிப் பாத்துட்டு வரலாம்."