சீனி என்று வைத்துக்கொள்வோம்

அலுமாரியின் இரண்டாம் தட்டில் சீனி டின்னைக் காணவில்லை.

எமில்டா கதவை அகலத் திறந்து பார்த்தாள். உப்பு டின்னும் இல்லை. லீற்றர்ப் போத்தில், தேக்கரண்டி, கோப்பை ஒன்றுமே இல்லை. செய்முறைச் சோதனைக்கு வைக்கிற சாமான் முழுவதையும் யாரோ வழித்துத் துடைத்துக்கொண்டு போயிருந்தார்கள். மற்றதெல்லாம் போகட்டும், அவள் திரும்பத் திரும்பத் தேடியது அந்தச் சீனி டின்னைத்தான்.

"கிறகோரியண்ணை! அலுமாரியை ஆர் திறந்தது?"

கல்லூரியின் சமையலும் பூட்டுகளின் திறப்புக் கோர்வையும் கிறகோரியின் பொறுப்பு. அவர் குசினியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பிரியந்தினிப் பிள்ளை, ரீச்சர். நீங்கள் கோயில் பாதரோட கூட்டத்துக்குப் போன கையோட வந்தவ. கனகராயன்குளத்துச் சனம் தேக்கங்காட்டுக்குள்ள வந்து இறங்கியிருக்காம். குழந்தையளுக்கு வயித்தாலை போகுதாம். ரீச்சர் நிண்டாலும் குடுக்கத்தான் சொல்லுவா எண்டு திறப்பைக் குடுத்தனான். பிழையே?"

"சீனி டின்னையும் கொண்டுபோனவளோ?"

"சீனியில்லாமல் என்னத்தைக் கரைக்கிறது?" கிறகோரிக்குக் கொஞ்சம் ரோசம் வந்துவிட்டது. "நாங்கள் இஞ்ச பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டு தேத்தண்ணி குடிக்கிறம். அதுக்குள்ள முக்கால் டின் சீனி கிடக்குது. நான் ஒரு நாள் தொட்டிருப்பனே?"

தொட்டிருக்கலாம். அந்த மனுசன் ஒரே ஒரு நாள் களவாக ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டிருந்தால் எவ்வளவு நல்லாயிருந்திருக்கும். அந்த டின்னுக்குள் மருந்துக்குக்கூடச் சீனி இல்லை. அத்தனையும் உப்பு. அதை நிரப்பியவள் எமில்டா. அவளைத் தவிர ஓர் ஆளுக்கும் அது தெரியாது.

அவள் சைக்கிளை எடுத்தாள். கிறகோரி பின்னால் நின்று என்னவோ கேட்டார். அது அவள் காதில் ஏறவில்லை.

இந்த வில்லங்கம் தொடங்கியது ஒரு சொல்லில். முள்ளியவளையில் கோயில் காணிக்குள் இரண்டு ஓலைக் கொட்டில்களில் நடந்த அந்தச் சமூகக் கல்லூரியில், சுகாதாரத் தொண்டர்களுக்குப் படிப்பிக்கிறவள் எமில்டா. போன வருசம் பயணப் பாஸ் எடுத்து வவுனியாவுக்கு ஒரு பயிற்சிக்குப் போய்வந்தவள், அங்கிருந்து 'கற்றற்பேறு' என்ற சொல்லைக் கொண்டுவந்தாள். ரீச்சர் என்ன படிப்பித்தா என்பது கணக்கில்லை. பாட முடிவில் பிள்ளை என்ன செய்யக்கூடியவளாக இருக்கிறாள் என்பதுதான் கணக்கு. 'விளங்கிக்கொள்வார்', 'அறிந்துகொள்வார்' என்று எழுதக்கூடாது. விளங்கினதை யார் கண்டது? கண்ணால் பார்த்துப் புள்ளி போடக்கூடிய மாதிரி 'செய்து காட்டுவார்' என்று எழுதவேண்டும். நல்ல விசயம்தான், குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பிள்ளைப்பேறு ஒரு நாளில் முடிந்துவிடும், எமில்டாவின் கற்றற்பேறு பாடத்துக்கு ஒரு மாதம் இழுத்தது. எழுதுவாள், வெட்டுவாள், மறுபடி எழுதுவாள். எழுதி முடித்தால் அந்த மாதா இறங்கிவந்து கேட்டாலும் ஒரு எழுத்து மாற்றமாட்டாள்.

வயிற்றோட்டப் பாடத்துக்கு எட்டுப் பேறு எழுதினாள். ஆறிய தண்ணீர் ஒரு லீற்றர் அளந்து காட்டுவார். சீனி ஆறு கரண்டி, உப்பு அரைக் கரண்டி போட்டுக் கலக்கிக் காட்டுவார். கொடுக்குமுன் ருசி பார்ப்பார், கண்ணீரைவிட உப்பாக இருந்தால் ஊற்றிவிடுவார். பிள்ளை துப்பினாலும் சலிக்காமல் கரண்டி கரண்டியாகப் பருக்குவார். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. சீனிதான் பிழைத்தது. மாதக்கணக்காகச் சீனியைக் கண்ணால் காணாத பிள்ளைகளிடம் ருசி பாருங்கோ என்று சொன்னால் என்ன நடக்கும்? ஒரு கரண்டி பார்த்தார்கள், சந்தேகத்துக்கு இன்னொரு கரண்டி பார்த்தார்கள், டிலக்ஸன் அரைக் கோப்பை பார்த்துவிட்டு "இன்னும் பிடிபடேல்லை ரீச்சர்" என்றான். சிரித்துச் சிரித்தே டின் காலியாயிற்று.

வவுனியாவிலிருந்து தடை தாண்டி அடுத்த சீனி வருமென்றார்கள், வரவில்லை. சோதனை நாள் வந்துவிட்டது. களப்போரத்தில் விளைந்த உப்பை உரலில் இடித்து, சீலையில் அரித்து, அந்த டின்னுக்குள் போட்டால் என்ன என்று எமில்டாவுக்குத் தோன்றியது. பழுப்பு நிறம், அசல் சீனி மாதிரியே. பிள்ளைகளிடம் சொல்லிவிட்டே செய்திருக்கலாம், 'இதைச் சீனி என்று வைத்துக்கொள்வோம்' என்று. சொன்னால் அளவில் அக்கறையில்லாமல் அள்ளிக் கொட்டுவார்கள் என்று நினைத்துத் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டாள். வாயில் வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் ஒரே ஒரு பேற்றை மாத்திரம் திருத்தினாள். ஒரே கரண்டியால் எல்லாரும் ருசி பார்த்தால் செங்கமாரி தொற்றும் என்று காரணம் சொன்னாள். 'ருசி பார்ப்பார்' என்பது 'ருசி பார்த்துக் காட்டுவார்' ஆயிற்று. கரண்டியை உதட்டுக்குக் கிட்டக் கொண்டுபோய், கொஞ்சம் நிறுத்தி, தலையை ஆட்டி, "ருசி சரி" என்று சொன்னால் புள்ளி.

அதை எல்லாரிலும் வடிவாகச் செய்துகாட்டியவள் பிரியந்தினி. அளம்பில் கடற்கரைப் பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். எட்டுப் பேற்றுக்கும் முழுப் புள்ளி வாங்கியவள் அவள் ஒருத்திதான்.

சைக்கிளின் பின்சில்லுக்குள் ரியூப் இல்லை, வைக்கோல் அடைத்திருந்தது. மிதிக்க மிதிக்க அது உள்ளுக்குள் உருண்டு சில்லைப் பிடித்தது. ஆறு கரண்டி உப்பும் அரைக் கரண்டி உப்பும் ஒரு லீற்றர் தண்ணீரில். அது மருந்தில்லை, கடல் தண்ணீர். ஏற்கெனவே ஈரம் வற்றிக் கிடக்கிற குழந்தைக்குக் கடல் தண்ணீர். கரண்டி கரண்டியாக, சலிக்காமல்.

தண்ணீரூற்றுச் சந்தி தாண்டும்போது கிபிர் விமானம் இரைந்தது. றோட்டில் போன சனம் வாய்க்காலுக்குள் பாய்ந்தது. "ரீச்சர், விழுந்து படுங்கோ!" என்று யாரோ கத்தினார்கள். எமில்டா ஒன்றும் வீராங்கனை இல்லை. கிபிர்ச் சத்தம் கேட்டால் கல்லூரிப் பங்கருக்குள் முதலில் விழுகிறவள் அவள்தான். பிள்ளைகள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். இன்றைக்கு அவள் கால் நிற்கவில்லை. தெற்குப் பக்கம் எங்கேயோ குண்டு விழுந்து நிலம் குலுங்கியது. அவளுக்குப் பயம் மேலே பறக்கிறதில் இல்லை. காட்டுக்குள் பிரியந்தினியின் கையில் இருக்கிற கரண்டியில் இருந்தது.

டிலக்ஸன் போயிருந்தால் போத்திலையே மறந்துவிட்டுப் போயிருப்பான். போனது பிரியந்தினி. 'மாதாவே,' என்று எமில்டா வாய்விட்டு மன்றாடினாள், 'நான் படிப்பிச்சது ஒண்டும் அவளுக்கு ஞாபகம் வரக்கூடாது.' எந்த வாத்தியாரும் இப்படி ஒரு செபம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தேக்கங்காட்டுக்குள் மரத்துக்கு மரம் தறப்பாளும் சேலையும் கட்டியிருந்தார்கள். சமைக்கிற புகையும் பீ நாற்றமும் கலந்து அடித்தது. "கல்லூரிப் பிள்ளை எங்க? வெள்ளைச் சட்டைப் பிள்ளை?" என்று கேட்டுக்கொண்டே சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒருவர் கையைக் காட்டினார்.

நீலத் தறப்பாளின் கீழே ஒரு தாய் குழந்தையை மடியில் மலர்த்திப் பிடித்திருந்தாள். ஒன்றரை வயது இருக்கும், கண் உள்ளே போயிருந்தது. அதன் தலைமாட்டில் பிரியந்தினி முழங்காலில் நின்றாள். கையில் கரண்டி.

"வாங்கோ ரீச்சர்." அவள் முகம் மலர்ந்தது. "துப்பித் துப்பி விடுறான். நான் விடேல்லை. நீங்கள் சொன்ன மாதிரி கன்னப் பக்கத்தால..."

எமில்டா கோப்பையைத் தட்டிவிட்டாள். அது மண்ணில் விழுந்து கவிழ்ந்தது.

"எவ்வளவு குடுத்தனி?"

"இது ரெண்டாம் கோப்பை, ரீச்சர். மற்றப் பிள்ளையளுக்கு இன்னும் குடுக்கேல்லை."

"உள்ளுக்குப் போனது எவ்வளவு?"

"தெரியேல்லை. பாதிக்கு மேல துப்பினவன்." பிரியந்தினிக்கு முகம் வெளிறியது. "ஏன் ரீச்சர்? அளவு பிழையில்லை. ஆறும் அரையும்தான் போட்டனான்."

"ருசி பார்த்தனியோ?"

"ஓம்."

"எப்பிடி?"

பிரியந்தினி வெறுங்கரண்டியை எடுத்தாள். உதட்டுக்கு இரண்டு விரற்கடை தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தினாள். தலையை ஆட்டினாள். "ருசி சரி," என்றாள். அந்தப் பிள்ளையின் முகத்தில் பொய்யின் நிழல்கூட இல்லை.

எமில்டா போத்திலை எடுத்து அவளிடம் நீட்டினாள். "வாயில விட்டுப் பார்." பிரியந்தினி ஒரு வாய் விட்டாள். அடுத்த கணம் குனிந்து மண்ணில் துப்பினாள். துப்பிவிட்டு நிமிரவில்லை.

"இது கடல் தண்ணி, ரீச்சர்."

"ஓம்."

"டின்னில சீனி எண்டு எழுதியிருந்தது."

"உப்பு வைச்சது நான். சோதனைக்கு."

தாய்க்கு ஒன்றும் பிடிபடவில்லை. ராக்காயி என்று பேர். மலைநாட்டிலிருந்து கனகராயன்குளத்துக்குக் குடிவந்த குடும்பம், இப்போது அங்கிருந்தும் எழும்பி வந்தவர்கள். "என்னங்க டீச்சரம்மா? இந்தப் புள்ள காலையிலேருந்து எம் மவனுக்காகத்தான் ஒக்காந்திருக்கு. திட்டாதீங்க," என்றாள்.

"வெளிக்கிடுங்கோ அம்மா, ஆசுப்பத்திரிக்குப் போவம். பால் குடுத்துக்கொண்டே வாங்கோ."

ராக்காயியையும் குழந்தையையும் கரியரில் ஏற்றினார்கள். எமில்டா மிதிக்க, பிரியந்தினி பின்னால் தள்ளிக்கொண்டு ஓடிவந்தாள்.

ஆசுப்பத்திரி டொக்டர் குழந்தையின் வயிற்றுத் தோலை நுள்ளிப் பார்த்தார். "என்ன குடுத்தது?"

பிரியந்தினி சுவரோரம் நின்று நிலத்தைப் பார்த்தாள். ஒரு பொய் சொல்லலாம். பிள்ளை டின்னை மாற்றிவிட்டாள் என்றால் முடிந்தது, படிக்கிற பிள்ளை, யாரும் பெரிதாக எடுக்கமாட்டார்கள். அந்த நினைப்பு வந்ததில் எமில்டாவுக்குத் தன்னைக் கண்டு பயமாக இருந்தது.

"லீற்றருக்கு ஆறரைக் கரண்டி உப்பு. சீனி டின்னுக்குள்ள உப்பு வைச்சது நான், டொக்டர். இந்தப் பிள்ளைக்குத் தெரியாது."

டொக்டர் அவளை ஒருதரம் பார்த்தார். ஏச அவருக்கு நேரமிருக்கவில்லை. "தண்ணியைக் கண்டபாட்டுக்குப் பருக்கிப்போடாதேங்கோ, வலிப்பு வந்திடும். உப்பை மெல்ல மெல்லத்தான் இறக்கவேணும். சலம் போனால் சொல்லுங்கோ," என்று சொல்லிவிட்டுச் சேலைன் ஏற்ற நரம்பு தேடினார்.

பிறகு இருந்ததுதான் பெரிய பயம். குழந்தை கண்ணை மூடினால் நித்திரையா, வேறேதுமா என்று தெரியவில்லை. கால் ஒருதரம் துடித்தது. இதுதான் வலிப்போ என்று எமில்டா எழும்பினாள். இலையான் ஒன்று காலில் குந்திப் பறந்தது. அவள் தன் பிழையை எத்தனை பக்கமாகப் புரட்டிப் பார்த்தாலும் அது சின்னதாகவில்லை. இந்தப் பிள்ளை செத்தால் நான் எப்படி இருப்பேன் என்று யோசித்தாள்.

வெயில் சாயத் தொடங்கினபோது ராக்காயி கத்தினாள். "டீச்சரம்மா, சேலையெல்லாம் நனைச்சுட்டான்! ஒண்ணுக்குப் போயிட்டான்!"

டொக்டர் வந்து பார்த்துத் தலையசைத்தார். தப்பிவிடுவான் என்றார். துப்பினது நல்லதாய்ப் போச்சு என்றார். எமில்டா வாங்கில் குந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

அழுது முடிக்கவிடாமல் ராக்காயியின் புருசன் மாயாண்டி மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். மகனைத் தொட்டுப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தான். "காலேஜ் புள்ள எங்கம்மா? பக்கத்துக் கொட்டாயில இன்னும் மூணு புள்ளைங்களுக்குப் போகுது. அதைத்தான் கூட்டியாரச் சொன்னாங்க."

வார்ட்டிலிருந்து சீனியும் உப்பும் தந்தார்கள். எமில்டா ஆறிய தண்ணீரை அளந்து, ஆறும் அரையும் போட்டு, நன்றாகக் கலக்கினாள். போத்திலை மூடிப் பிரியந்தினியிடம் நீட்டினாள்.

"நீ போ, பிள்ளை. உன்னைத்தான் கேக்கினம்."

பிரியந்தினி கையை நீட்டவில்லை. காலையில் தனியாகக் காட்டுக்குள் போகப் பயப்படாத பிள்ளை, இப்போது ஒரு போத்தில் தண்ணீரைக் கண்டு பயந்துகொண்டு நின்றது.

"இது சரியான சீனி. நானே பார்த்துப் போட்டனான்."

"நீங்கள் முதல் குடியுங்கோ, ரீச்சர்."

அதில் கோபம் இருக்கவில்லை. மரியாதைகூடக் குறையவில்லை. எமில்டா மூடியைத் திறந்து ஒரு மிடறு குடித்தாள். பிரியந்தினி அவளுடைய தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள், அது உள்ளே இறங்குமட்டும்.

"இன்னொருக்கா," என்றாள்.