ஏழாவது சுற்றில் விழாத அடி

அந்த ஆல்பத்தின் ஒன்பதாவது பாட்டைப் போட்டால் ரூபவதியின் வீட்டில் இருட்டிவிடும். ஞாயிற்றுக்கிழமை பகல் பதினோரு மணிக்குப் போட்டாலும் அப்படித்தான். முதலில் நிறங்கள் போகும். பிறகு பொருள்களின் ஓரங்கள். மூன்றாவது நிமிடத்தில் ஃபிரிட்ஜ் போய்விடும். அது ஓடும் சத்தம் மட்டும் இருக்கும். நாலு நிமிடம் நாற்பத்தொரு விநாடியில் பாட்டு முடிந்ததும் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

அது ஒரு ட்ரிப் ஹாப் ஆல்பம். மெதுவாக நடக்கும் டிரம், அடியில் கனத்த பேஸ், கூடவே பழைய இசைத்தட்டில் முள் உராயும் சத்தம். மூன்றாவது பாட்டுதான் எல்லோருக்கும் தெரியும். கோவையில் பேக்கரிகளில்கூட அதைப் போட்டார்கள். யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எட்டாவது பாட்டு விடைபெறுவதுபோல முடிவதால் பெரும்பாலோர் அதோடு எழுந்துவிடுவார்கள். எழாதவர்களும் இருட்டத் தொடங்கியதும் நிறுத்திவிடுவார்கள்.

ரூபவதி நிறுத்தியதில்லை. அவளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. வாரத்தில் ஆறு நாள் முன்னால் உட்கார்ந்தவர்களிடம் இது தெளிவா, அது தெளிவா என்று கேட்பாள். ஏழாவது நாள் ஒன்பதாவது பாட்டு. பதினெட்டு வருடமாக இதுதான் வழக்கம்.

அந்தப் பாட்டில் தாளத்தின் ஒவ்வொரு ஏழாவது சுற்றிலும் டிரம்மின் கடைசி அடி விழாது. சி.டி.யில் கீறல் இருக்குமோ என்று இன்னொன்று வாங்கிப் பார்த்தாள். அதிலும் விழவில்லை. அந்த இடம் வரும்போதெல்லாம் மாடிப்படியில் ஒரு படி இல்லாததுபோல அவளுக்கு இருக்கும். ஒருமுறை கணவன் தயாளனிடம் இதைச் சொன்னாள். எல்லா அடியும் இருக்கிறதே என்றான் அவன். நல்ல மனிதன்தான். இப்போது ஓசூரில் இருக்கிறான். தீபாவளிக்குப் போன் செய்வான்.

மே மாதத்து ஞாயிறு ஒன்றில் அபார்ட்மென்ட்டின் கீழ்வீட்டு சின்னராஜ் பிளாஸ்டிக் பக்கெட்டோடு மேலே வந்தார். ஸ்பின்னிங் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் அவரும் மனைவி நாகமணியும்தான்.

"உங்க பாட்டு எங்கூட்டுல ஒழுகுதுங்க அம்மிணி," என்றார்.

பக்கெட்டில் முக்கால்வாசி இருட்டு இருந்தது.

"மூணு வாரமாப் புடிச்சு வெச்சிருக்கறனுங்க. கொட்டறதுக்கு மனசு வரலை. உங்க பொருளு, உங்ககிட்டயே குடுத்தரலாம்னு கொண்டாந்தேன்."

ரூபவதி வாங்கி வாஷ்பேசினில் ஊற்றினாள். சத்தமில்லாமல் இறங்கிப் போனது. பக்கெட்டைக் கழுவிக் கொடுத்தாள்.

"இனிமே அந்தப் பாட்டு வேண்டாமுங்க. அசோசியேசன்ல எழுதிக் குடுக்கற அளவுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு பாக்கறேன்."

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் சண்டை பிடிக்கவும் அவளுக்கு வழியில்லை. மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளை ஒரு கணம் நினைத்துப் பார்த்தாள்.

"நிறுத்தீர்றனுங்கண்ணா. ஒரேயொருக்கா முழுசாக் கேட்டுட்டுப் போங்க. என்கூட உக்காந்து இதை யாரும் கடைசி வரைக்கும் கேட்டதில்லைங்க."

"எத்தனை நேரமாகும்?"

"அஞ்சு நிமிசத்துக்கு உள்ளதாங்க."

சின்னராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சோபாவில் உட்கார்ந்து பக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டார். ஸ்டூல்மேல் இருந்த சி.டி. பிளேயரைப் போட்டுவிட்டு ரூபவதியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாட்டு தொடங்கியது. நிறங்கள் போயின. ஓரங்கள் போயின. ஃபிரிட்ஜும் போன பிறகு ஒரு பெண்ணின் குரல், பக்கத்து அறையிலிருந்து கதவு பூட்டியாயிற்றா என்று கேட்பதுபோல, நான்கே வரி பாடி ஓய்ந்தது. அவர் எழுந்து போய்விடுவார் என்று ரூபவதி காத்திருந்தாள். போகவில்லை. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் வந்தது. அவர் பக்கெட்டின் கைப்பிடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏழாவது சுத்துல ஒரு அடி விழுகறதில்லீங்களே," என்றார்.

ரூபவதி அவர் பக்கம் திரும்பினாள்.

"எல்லா ஏழாவது சுத்துலயுமே இல்லீங்க. நான் மில்லுல முப்பத்தொரு வருசம் இருந்தேன். நூல் சுத்தற கதிர் ஆயிரம் ஓடும். ஒண்ணுல நூல் அறுந்தாலும் நடந்துட்டே இருக்கறப்பச் சத்தத்தை வெச்சுச் சொல்லீருவேன். இது அறுந்தது இல்லீங்க அம்மிணி. தெரிஞ்சேதான் விட்டுருக்காங்க."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"ஆமாங்கண்ணா," என்றாள். "தெரிஞ்சேதான்."

"இன்னொருக்காப் போடுங்க."

"ஒழுகுமுங்களே."

"ஒழுகட்டுமுங்க."

போட்டாள். இந்த முறை சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். இருட்டுக்குள் ஏழாவது சுற்று வரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு மூச்சு நின்று, பிறகு தொடர்ந்தது. தன்னுடைய மூச்சும் அங்கேதான் நிற்கிறது என்பதை அவள் அன்றைக்குத்தான் கவனித்தாள்.

வெளிச்சம் வந்தபோது இருவரும் சின்னராஜின் வீட்டு ஹாலில் இருந்தார்கள். சோபாவும், ஸ்டூலும், ஸ்டூல்மேல் பிளேயரும் கூடவே இறங்கியிருந்தன. தரையில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த நாகமணி, சோபாவுக்கு இடம் விட்டு முறத்தை நகர்த்தி வைத்தாள்.

"மறுக்காவும் போடறதா இருந்தா இப்பவே சொல்லிருங்க," என்றாள். "எங்களுக்குக் கீழ்வீட்டுக்காரங்க பழனிக்குப் போயிருக்காங்க. சாவி வாட்ச்மேன்கிட்ட இருக்குது. போய்க் கதவைத் தொறந்து வெச்சுட்டு வந்தர்றேன்."

ஒரு வாரமாகப் பூட்டிக் கிடக்கும் வீடு, புழுக்கமாக இருக்கும், அப்படியே ஃபேனையும் போட்டு வைத்துவிடு என்றார் சின்னராஜ்.