இத்ரூஸ் முதலாளிக்குச் சீனி வருத்தம்

…அறுபது சுற்று ஆகிவிட்டது, இன்னும் இருபத்தெட்டு, அல்லாஹ் இந்த மனிசனுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும், வெட்கத்தில் ஒரு பொய் சொல்லி என்னைக் காப்பாற்றிவிட்டாரே, கழிப்பிடத்தில் எறும்பு மொய்ப்பதைப் பார்த்து நீரிழிவோ என்று பயந்து என் சிறுநீரைப் போத்தலில் இவரிடம் கொடுத்தனுப்பினேன், ஆஸ்பத்திரியில் பத்துப் பேர் முன்னால் பெண்டாட்டியுடையது என்று சொல்ல வாய் வராமல் என்னுடையதுதான் டொக்டர் என்றாராம், புடவைக் கடை இத்ரூஸ் முதலாளிக்குச் சீனி வருத்தம் என்று பதுளை முழுக்கப் பேச்சு, பாவம், போகிற வீடெல்லாம் சீனி போடாத தேத்தண்ணீர்தான், அவரும் முகத்தைச் சுளிக்காமல் குடிக்கிறார். டொக்டர் தோட்டத்துத் துரைமாரைக் குதிரையேறச் சொல்வாராம், முதலாளிமாரை நடக்கச் சொல்வாராம். “ஒரு நாளைக்கு ரெண்டு கட்ட நடக்கட்டாம், ஸுபைரா, வேர்க்க வேர்க்க நடக்கட்டாம்” என்று இவர் வந்து சொன்னார். கோஷாவில் வீட்டுக்குள்ளேயே இருக்கிற நான் எங்கே போய் இரண்டு மைல் நடப்பது? அதற்கும் இந்த மனிசன்தான் வழி கண்டார், கடையிலிருந்து கஜக்கோலைத் தூக்கிவந்து, சீத்தைத் துணி அளப்பதுபோலக் குனிந்து குனிந்து பின்முற்றத்தை அளந்தார், கிணற்றைச் சுற்றி நாற்பது கஜம், “எண்பத்தெட்டுச் சுத்து சுத்துங்க, கணக்குச் சரி” என்றார், எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

மூன்று மாதமாகிறது, பாதத்து எரிச்சல் போய்விட்டது, தீராத தாகம் போய்விட்டது, நேற்று டொக்டர் போத்தலைச் சோதித்துவிட்டு, “நல்லா நடந்திருக்கீங்க முதலாளி” என்று அவர் முதுகில் தட்டினாராம், முகம் தெரியாத அந்த டொக்டருக்கும் ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன்… காமிலா மதினிக்கும் கேட்கிறேன், இந்த மனிசனுடைய அக்கா, அவளுக்கும் இதே வருத்தம், இதே டொக்டர்தான் வீட்டுக்கே வந்து, திரைக்கு வெளியே நின்று, மருந்துத் தூளும் பால் ஆகாரமும் எழுதிக் கொடுத்து, அசையாமல் படுத்திருக்கச் சொன்னார், ஆறு மாதமாகக் கட்டில்தான், கண்ணும் மங்கி, போன வெள்ளி என் குரலை வைத்துத்தான் என்னை அறிந்தாள். அவளுக்கு வருத்தம் முற்றிவிட்டது, அதனால்தான் படுக்கச் சொன்னார் என்று நினைத்திருந்தேனே… இல்லையே, என்னைவிட இரண்டு வயதுதானே கூட, டொக்டர் வந்த அன்றைக்குக் காலையிலும் அம்மியில் அரைத்துக்கொண்டு நின்றாளே. அப்படியென்றால்… இந்த மனிசன் அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், எனக்கும் கட்டில்தானா? என் கால் நின்றுவிட்டது. “என்ன, களைச்சுட்டீங்களா?” என்கிறார் அவர், இல்லை என்று தலையை ஆட்டுகிறேன். மதினியை எழுப்ப வேண்டும், இன்றைக்கே போக வேண்டும், ஆனால் என்னவென்று சொல்லி எழுப்புவேன், டொக்டர் நடக்கச் சொன்னார் என்றா? அவர் அதை ஆம்பிளைகளிடம்தானே சொன்னார், எங்களிடம் சொல்லவே இல்லையே.