பாக்கலாம் சார்

எழுந்தான். பல் தேய்த்தான். பால் காய்ச்சினான். கொடியில் முதலில் கைக்குக் கிடைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். கதவைப் பூட்டி, பூட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தான். போய்ட்டு வரேன் என்று சொல்லவில்லை. பூட்டுக்குக் காது கிடையாது.

பனியன் துணி ஆலையில் அவன் திட்ட அதிகாரி. எந்த நிறம் எவ்வளவு விற்கும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். விற்கிற கடைக்காரனுக்கே தெரியாத விஷயம் அது. அதனால் அவன் ஒரு வழி வைத்திருந்தான். துணியைச் சாயம் போடாத காடாவாகவே அடுக்கி வைப்பான். ஆர்டர் உறுதியானால்தான் சாயத்தொட்டி. காடா எந்த நிறமாகவும் மாறும்; கருநீலம் ஆனது கருநீலம்தான். விற்காவிட்டால் துணியும் வீண், அது குடித்த தண்ணீரும் வீண். யார் அவசரப்படுத்தினாலும் ஒரே பதில்: "பாக்கலாம்." ஆலையில் அவனுக்குப் பெயரே 'பாக்கலாம் சார்'. வீட்டிலும் அதே கேலிதான்.

மனைவி இறந்த பிறகு அந்தச் சொல் நாக்கில் ஏறவில்லை. கேட்டவர்க்கெல்லாம் "சரி" என்றான். அப்படிச் சாயமேறிய சிவப்புத் துணி, கேட்பாரற்றுக் கிடங்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது. தினமும் அதைச் சுற்றிக்கொண்டுதான் தன் மேசைக்குப் போகிறான்.

அன்று மேனேஜர் வந்தார். "மிச்சம் இருக்கிற காடா மொத்தத்தையும் கருநீலம் போட்டுடலாம்யா. போன வருஷம் பிச்சுக்கிட்டுப் போச்சு."

"ஆர்டர்?"

"வரும்யா, வராம எங்க போகும்? மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

"சரி."

அவன் கூப்பிடுவதற்குள் சாயப்பட்டறை மாஸ்டரே போன் செய்துவிட்டார்.

"சார், கருநீலம்னு காதுல விழுந்துச்சு. தொட்டி கொதிக்குது. மொத்தத்தையும் இறக்கிடவா?"

அவன் அறையின் கண்ணாடித் தடுப்புப் பக்கம் திரும்பினான்.

"லைன்ல இருக்கீங்களா? சிவப்பே மலை மாதிரி கிடக்கு. இதையும் முக்கிட்டா, நாளைக்கு ஒருத்தன் பச்சை கேட்டான்னா என்னத்தக் கொடுப்பீங்க? ஊதுற சங்க ஊதிட்டேன். அப்புறம் உங்க இஷ்டம்."

கண்ணாடிக்கு அப்பால் காடா உருளைகள் வெள்ளையாய்க் கிடந்தன.

"பாக்கலாம்."

"என்ன சார்? கேக்கல."

"இறக்க வேணாம் மாஸ்டர். ஆர்டர் வரட்டும். பாக்கலாம்."

"அப்பாடா! ஆளு வந்து சேந்துட்டாருய்யா!" மறுமுனையில் சிரிப்பு.

இவன் சிரிக்கவில்லை. மேனேஜரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும், அது பிறகு. போனை வைத்த கை அதன்மேலேயே இருந்தது.

கடைசியா அவ என்ன சொன்னா என்று உறவில் கேட்காதவர் இல்லை. மாமியாரிடம், "உங்களைத்தான் கேட்டா அத்தை" என்று சொல்லிவைத்தான். அது பொய். அறுவை அரங்கின் கதவருகில் ஸ்ட்ரெச்சர் ஒரு நொடி நின்றது. "சரியாயிடும்ல?" என்று கேட்டது அவன்தான். அவள் அவனைப் போலவே புருவத்தைத் தூக்கி, அவன் குரலிலேயே இழுத்துச் சொன்னாள்:

"பாக்கலாம்."