உள்ளங்கையில் சூடம்

நான் சொல்லப்போவதில் ஓர் இடம் எனக்கு நிச்சயமில்லை. சின்னராசா தன் உள்ளங்கையில் எரிந்த சூடத்தை மற்றக் கையால் அணைத்தாரா, பயத்தில் கீழே போட்டாரா என்பதுதான் அது. சில நாட்களில், அணைத்ததைக் கண்ணால் கண்டது போலவே இருக்கிறது. வேறு சில நாட்களில், சூடம் செம்மண்ணில் விழுந்து எரிவது தெரிகிறது. இரண்டையும் என் மனமே வரைந்திருக்கக்கூடும். மற்றவை நடந்தபடியே ஞாபகத்தில் இருக்கின்றன என்று நினைக்கிறேன். அதையும் எவ்வளவு நம்பலாமோ தெரியாது.

யுத்தம் நின்றிருந்த 2003ஆம் ஆண்டு அது. அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தேன். சொந்த ஊர் யாழ்ப்பாணம். பாதைகளில் கெடுபிடி குறைந்திருந்ததால், தொழிற்சாலை ஆட்கள் சேர்ந்து ஒரு பயணம் ஒழுங்கு செய்தார்கள். முதல் நாள் கீழ்நாட்டுக் காட்டில் மிருகம் பார்ப்பது, அடுத்த நாள் கதிர்காமம், பிறகு கடல். யாருக்காவது வாந்தி வந்தால் உதவும் என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

சின்னராசா தொழிற்சாலை உலைக்கு விறகு போடுகிறவர். அவருடைய மனைவி பாக்கியலெட்சுமி கொழுந்து எடுப்பவள். அவள் என்னிடம் மருந்து கட்ட வரும்போதெல்லாம் விறகு அடுக்கு சரிந்து விழுந்துவிட்டது என்பாள். ஒரே மனுஷியின் மேல் விறகு அத்தனை தடவை சரியாது. நான் கேட்டால் சுவரைப் பார்ப்பாள். கடைசியாக வந்தபோது காதுக்குப் பின்னால் தோல் கிழிந்திருந்தது. அந்தக் காயத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் அவளுடைய தம்பி ரஜீவ் கொஸ்லந்தையிலிருந்து ஏறி வந்தான். அங்கே ஒரு தையல் கடையில் வேலை செய்தவன். மெலிந்த உடம்பு, வாய் மட்டும் பெரிது.

ரஜீவ் ஒரே ஒரு நிபந்தனை வைத்தான். கதிர்காமத்திலுள்ள பிள்ளையார் சந்நிதி முன்னால் சின்னராசா சூடம் அணைத்து, இனி அக்காவைத் தொட்டு அடிப்பதில்லை என்று சத்தியம் செய்யவேண்டும். செய்யாவிட்டால் அக்கா அங்கிருந்தே தன்னோடு கொஸ்லந்தைக்கு வந்துவிடுவாள். தோட்டத்தில் வாய்ச் சத்தியத்துக்கு மதிப்பில்லை. சாமி முன்னால் ஓர் உள்ளங்கையில் சூடத்தைக் கொளுத்தி, மற்ற உள்ளங்கையால் அறைந்து அணைத்தால்தான் சத்தியம். அதை மீறியவன் வீட்டில் யாரும் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கமாட்டார்கள். தொழிற்சங்கத் தலைவர் முன்னால் சின்னராசா சம்மதித்தார். சூடத்தை அப்புத்தளைக் கடையில் பாக்கியலெட்சுமியே வாங்கி, தீப்பெட்டியோடு சேர்த்து மடியில் முடிந்துகொண்டாள். அவள் அவரோடு வாழத்தான் விரும்பினாள். அடி இல்லாமல் வாழ விரும்பினாள். அவ்வளவுதான்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு வேனை விட்டுவிட்டுத் திறந்த ஜீப்புகளில் ஏறினோம். எங்கள் ஜீப்பை ஓட்டியவர் ஜாபிர். அந்தக் காட்டோரத்து ஊர்க்காரர். என்ன நடந்தாலும் யாரும் கீழே இறங்கக்கூடாது என்பதை இரண்டு முறை சொன்னார். சின்னராசாவும் பாக்கியலெட்சுமியும் ஒரு பக்கம், எதிரே நானும் ரஜீவும், நடுவில் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் நிசாந்தினி. பின்னால் உலைப்பக்கத்து ஆட்கள் சிலர்.

குளத்தோரத்தில் ஓர் எருமைக் கன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. முதலை வந்ததை யாரும் பார்க்கவில்லை. கன்றின் முகம் அதன் வாய்க்குள் இருந்தது. தாய் எருமை தண்ணீருக்குள் இறங்கிக் கொம்பால் முட்டிக் கதறியது. முதலை தன் உடம்பை ஒருதரம் சுழற்றியது. எலும்பு முறிந்த சத்தம் கரைக்குக் கேட்டது. தண்ணீர் தேநீர்ச் சாயம் போலாகி, பிறகு அடங்கிவிட்டது. எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டிருக்க, சின்னராசா எழுந்து நின்று, விடாத, விடாத என்று முதலைக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அதுக்கு நீ சொல்லியா குடுக்கணும் மச்சான்," என்றான் ரஜீவ். "ஒன்கிட்டதான் அது படிச்சிருக்கும்."

ஜீப் நகரத் தொடங்க, பின்னால் சிரித்தார்கள். சின்னராசா திரும்பிப் பார்த்தார்.

"அந்த தாய்க்காரிய பாத்தியா மாப்புள? கத்துனா. அதுக்கு மேல என்னா செஞ்சிட்டா? ஒன் அக்காளும் அம்புட்டுதான்."

ரஜீவ் அவருடைய சட்டையைப் பிடித்தான். ஓடுகிற ஜீப்பில் இருவரும் எங்கள் கால்களின் மேல் விழுந்து புரண்டார்கள். சின்னராசாவின் கைமுட்டி ரஜீவின் வாயில் விழுந்த சத்தம் ஈரமாக இருந்தது. நிசாந்தினியின் தேநீர்ப் பிளாஸ்க் உடைந்து சூடாகச் சிதறியது. பாக்கியலெட்சுமி கம்பியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். அடி விழும் இடத்தில் அசையக்கூடாது என்று அவளுடைய உடம்பு பழகியிருந்தது.

ஜாபிர் ஜீப்பை நிறுத்தினார். "மிருகம் பாக்க வந்தீங்களா, காட்ட வந்தீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு மறுபடி ஓட்டினார்.

ரஜீவ் இரத்தத்தை வெளியே துப்பினான். "எல்லாரும் நல்லா பாத்துக்குங்க. நாளைக்கு சூடம் அணைக்கப்போற கை இதுதான்."

"அவரு உலைக்குள்ள கைய விட்டு கங்கு எடுக்குறவரு," என்றாள் நிசாந்தினி, உடைந்த பிளாஸ்க்கைப் பொறுக்கியபடி. "சூடமெல்லாம் அவருக்கு பனித்தண்ணி மாதிரி."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். பாக்கியலெட்சுமியின் உதடும் கொஞ்சம் விரிந்தது. சின்னராசா பார்த்தது அந்த உதட்டை என்று நினைக்கிறேன். அவர் முகத்தை வெளியே திருப்பிக்கொண்டார். உலர்ந்த புல்லும் முட்புதர்களும் கடந்து போயின.

வெயில் சாய்ந்தபோது, ஒரு வளைவில் கொம்பன் யானை ஒன்று தனியாக நின்றது. ஜாபிர் தூரத்திலேயே நிறுத்தி, இயந்திரத்தை அணைத்தார். பின்னால் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் குட்டிக்கொண்டார்கள். யாரோ பிள்ளையாரப்பா என்றார்கள். நானும் கை கூப்பினேன். யானை தும்பிக்கையால் மண்ணை அள்ளித் தன் முதுகில் போட்டுக்கொண்டு எங்களைப் பாராததுபோல் நின்றது. அதன் நெற்றியில் மயிர் கருகிய ஒரு பெரிய தழும்பு இருந்தது.

சின்னராசா மனைவியின் மடியில் கையை விட்டுச் சூடத்தையும் தீப்பெட்டியையும் இழுத்தெடுத்தார்.

"நாளைக்கு என்னாத்துக்கு? கோயில்ல இருக்குறது கல்லு. இவரு உசிரோட நிக்கிறாரு. எல்லாருக்கும் முன்னால இப்பவே பண்றேன். அப்புறம் எவனும் சிரிக்கக்கூடாது."

அவர் இறங்கிவிட்டார். எனக்கு இன்றுவரை விளங்காதது, அந்த நேரத்தில் அவர் கேலி செய்யவில்லை என்பதுதான். செருப்பைக் கழற்றி ஜீப்பின் படியில் வைத்துவிட்டு, வெறுங்காலோடு பாதையின் நடுவில் நடந்தார். அவருடைய முதுகு கோயிலுக்குள் போகிறவரின் முதுகுபோல் குனிந்திருந்தது.

"நெருப்பு வாணாம்," என்று ஜாபிர் தணிந்த குரலில் சொன்னார். "ஊராக்கள் தீப்பந்தம் எறிஞ்சுதான் அத வெரட்டுற. நெருப்ப மட்டும் காட்ட வாணாம். கூப்புடுங்க அவர."

"சின்னராசா, வாங்கோ. ஏறுங்கோ," என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

தீக்குச்சி உரசிய ஒலி கேட்டது. உள்ளங்கையில் சிறிய மஞ்சள் சுடர் எழுந்தது. யானையின் காதுகள் விரிந்து நின்றுவிட்டன. சின்னராசா, இனி பாக்கியத்தத் தொட்டு அடிக்க மாட்டேன் என்று உரக்கச் சொன்னார். அது எல்லோருக்கும் கேட்டது. மற்றக் கையை உயர்த்தினார். அந்த இடத்தில்தான் நான் யானையைப் பார்த்தேன், கையைப் பார்க்கவில்லை.

யானை பிளிறவில்லை. நேராக வந்தது. அத்தனை பெரிய உடம்பு அவ்வளவு சத்தமில்லாமல் ஓடும் என்று நான் நினைத்ததேயில்லை. ரஜீவ் என்னைத் தாண்டிக் குதித்தான். ஓடிப்போய்ச் சின்னராசாவின் சட்டைப் பிடரியைப் பிடித்து இழுத்து, பக்கத்துப் பள்ளத்தில் தள்ளினான். சற்று முன் எந்தச் சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டானோ அதே சட்டை. தள்ளிய வேகத்தில் அவன் பாதையிலேயே விழுந்தான்.

கொம்பு அவன் விலாவுக்குள் இறங்கி முதுகில் வெளியே வந்தது. யானை தலையை உதறியது. அவன் கழன்று விழுந்தான். விழுந்தவனைத் தும்பிக்கையால் சுற்றித் தூக்கித் தரையில் அறைந்தது. பிறகு முன்காலை வைத்தது. ஒருமுறை அல்ல. பாக்கியலெட்சுமி தம்பி, தம்பி என்று சாதாரணமாக ஒருவரைக் கூப்பிடுகிற குரலில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஜாபிர் ஹாரனை அழுத்தியபடி ஜீப்பை உறுமவிட்டு முன்னால் கொண்டுபோனார். யானை பம்பரைக் கொம்பால் ஒரு தரம் குத்தி, எங்களைக் குலுக்கிவிட்டு, திரும்பிப் புதருக்குள் போனது. மண்ணில் தீப்பெட்டி கிடந்தது. சூடத்தைக் காணவில்லை.

நான் செய்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பையில் மாற்றிக்கட்ட வைத்திருந்த என் சாரத்தால் ரஜீவை மூடினோம். சின்னராசா பள்ளத்திலிருந்து ஊர்ந்து ஏறினார். ஜாபிரின் டோர்ச் வெளிச்சத்தில் அவருடைய கைகளைப் பார்த்தேன். சரளைக்கல்லில் இரண்டு உள்ளங்கைகளும் உரிந்து, இரத்தமும் மண்ணுமாக இருந்தன. உலையில் காய்ந்த அந்தத் தோலில் எது நெருப்பு பட்ட இடம், எது கல் கிழித்த இடம் என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியவில்லை.

பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் ரஜீவை வராந்தாவில் கிடத்தினார்கள். சின்னராசாவின் கைகளுக்குக் கட்டுப் போட்டார்கள். பாக்கியலெட்சுமி அதுவரை அழவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஐயா, நீங்க பொய் சொல்லமாட்டீங்க. அணைச்சாரா, கீழ போட்டாரா?"

"நான் பாக்கேல்லை பிள்ளை. யானையைத்தான் பாத்தனான்."

அவள் மற்றவர்களிடமும் கேட்டாள். ஒருவர் அணைத்தார் என்றார். ஒருவர் போட்டார் என்றார். நிசாந்தினி கண்ணை மூடிக்கொண்டதாகச் சொன்னாள். கடைசியில் பாக்கியலெட்சுமி தன் கணவரிடமே போனாள். அவர் அணைத்ததாகச் சொன்னார். சத்தியம் முடிந்துவிட்டது, இனி வீட்டுக்குப் போகலாம் என்றார். அவள் அவரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பிவிடுவாள் என்றே நான் நினைத்தேன்.

"நீங்க அணைச்சிருந்தா நல்லது," என்றாள். "நான் வாரேன். மொதல்ல தம்பிய கொஸ்லந்தைக்கு கொண்டுபோயி, காரியமெல்லாம் முடிச்சிட்டு வாரேன்."

"அங்க போனா நீ திரும்ப மாட்ட."

"தம்பிங்க. எந்தம்பி."

கட்டுப் போட்ட கை அவளுடைய கன்னத்தில் விழுந்தது. அவள் சுவரில் மோதி, தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். வெள்ளைக் கட்டில் புதிய இரத்தம் பரவியது. அது அவருடைய இரத்தம்தான். சின்னராசா தன் கையையே வேறு யாருடையதோ போலப் பார்த்தார். ஜாபிர் அவரைக் கழுத்தைப் பிடித்துத் தூணோடு அழுத்தினார். அவர் எதிர்க்கவில்லை. பாக்கியலெட்சுமி எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள். அதன் பிறகு அவள் சூடத்தைப் பற்றி யாரிடமும் கேட்கவில்லை.

ரஜீவைக் கொஸ்லந்தையில் அடக்கம் செய்தார்கள். பாக்கியலெட்சுமி அவனுடைய அறையிலேயே தங்கி, பக்கத்துத் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து எடுத்தாள், திரும்பி வரவில்லை. சின்னராசா தொழிற்சாலை மூடும்வரை உலையில் இருந்தார். தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் அவர் வீட்டில் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. பிறகு கொழும்புக்குப் போய் ஒரு பேக்கரியில் அடுப்பு வேலை பார்த்தார். நெஞ்சு நோயால் இறந்தார் என்று கேள்விப்பட்டேன். ஜாபிருக்குக் காட்டுக்குள் ஓட்டும் அனுமதி பறிபோனது, ஓட்டோ ஓட்டினார். நிசாந்தினி கல்யாணமாகிப் பண்டாரவளைக்குப் போனாள். நான் ஓய்வு பெற்று யாழ்ப்பாணம் திரும்பினேன். யானையைப் பற்றி ஒன்றும் தெரியாது.