மேலேயிருந்து வந்த ரியோக்காய்

கழுத்து நீளம் என்பதால் கிரேன்காரனுக்குக் கொக்கு என்று பெயர் விழுந்துவிட்டது. சைட்டில் யாருக்கும் அவன் சொந்தப் பெயர் தேவைப்படவில்லை.

கம்பெனி ஜப்பான்காரர்களுடையது. வாக்கிடாக்கியில் அவர்கள் சொற்கள்தான். சேர்ந்த புதிதில் சாப்பாட்டுக் கொட்டகையில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். சிக்னல் வந்து சேர்ந்தால் ஜுஷின். போன் வந்தால் சாக்குஷின். சொன்னது விளங்கிவிட்டால் ரியோக்காய்.

“இந்தக் காய் எந்தச் சந்தையில மாமா விக்குது?” என்றான் மச்சினன். கொக்குவின் பெண்டாட்டிக்குத் தம்பி. கீழே நின்று கொக்கி மாட்டுகிறவன்.

மேலேயிருந்து ரியோக்காய் வராமல் கீழே அடுத்த வார்த்தை பேசக்கூடாது. பேசினால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதனால் கொக்குவுக்குக் காதில் விழும் முன்பே வாய் சொல்லிவிடும். தூக்கத்திலும் சொல்கிறான் என்று அறைக்காரர்கள் சிரிப்பார்கள்.

அன்று கம்பிக் கட்டு அந்தரத்தில் தொங்கியது. அடியில் ஆட்கள். அது தரை தொட்டுக் கொக்கி கழலும்வரை மச்சினன் பொறுத்திருந்தான்.

“மாமா, ஊர்லருந்து போன். உங்கப்பா போய்ச் சேர்ந்துட்டாரு. நீங்க வர்றதா இருந்தா நாளைக்கு வரைக்கும் வச்சிருக்கோம்னு உங்கண்ணன் கேக்குறாரு. வச்சிருக்கச் சொல்லவா?”

“ரியோக்காய்.”

அடுத்து பலகைகள் ஏறின. அப்பா செத்துட்டார் என்று மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். எவன் வீட்டுச் சேதியோ போலிருந்தது. கை தன்பாட்டுக்கு வேலை பார்த்தது.

சாப்பாட்டுக்கு இறங்கியதும் மச்சினன் ஓடி வந்தான். “சொல்லிட்டேன் மாமா. ஐஸ் பெட்டி வந்துருச்சாம். நீங்க வர்றீங்கன்னு சொன்ன பெறகுதான் உங்கம்மா ஒரு வாய் தண்ணி குடிச்சாங்களாம்.”

“யாருடா வர்றேன்னது?”

“நீங்கதான் ரியோக்காய்னீங்க.”

“அது வாய் சொன்னதுடா.”

இருவரும் மேஸ்திரியிடம் போனார்கள். மோசமான ஆளில்லை. “மாத்து ஆளு வர ஒரு வாரம் ஆகும்ப்பா. அதுக்குள்ள போனீன்னா, திரும்பி வந்தா வேலை இருக்குமான்னு என்னைக் கேக்காதே” என்றார்.

கொக்குவுக்குக் கெஞ்சத் தோன்றவில்லை. ஊரில் அவன் சம்பளத்தில்தான் அடுப்பெரிகிறது.

“நான் சொல்லிக்கிறேன் மாமா.”

“வேணாம். போனைக் குடு.”

அம்மாவே எடுத்தாள். “கெளம்பிட்டியாய்யா?”

“வரலம்மா. அண்ணனை எடுத்துடச் சொல்லு.”

அவள் அழுவாள் என்று காத்திருந்தான். அழவில்லை. “பெட்டி வேணாமாம்ப்பா, அவன் வரலையாம்” என்று அங்கே யாரிடமோ சொல்வது கேட்டது.

போனை மச்சினனிடம் கொடுத்துவிட்டுச் சோற்றின் முன் உட்கார்ந்தான். முழுசும் தின்றான். உப்புப் போட்டிருந்தார்களா என்று கேட்டால் சொல்லத் தெரியாது.