தொப்பி மாற்றிய தடுப்பூசி

அந்தக் காய்ச்சல் வைரஸ் ஆண்டுக்கு ஒரு தொப்பி மாற்றும். தொப்பியை மட்டுமே பார்த்துப் பழகிய உடம்பின் காவல்காரர்கள் ஒவ்வொரு முறையும் ஏமாந்து கதவைத் திறந்துவிடுவார்கள். ஆனால் அதன் கால் மாறாது. மாறினால் வைரஸே பிழைக்காது. அந்தக் காலைப் பிடிக்கிற தடுப்பூசிக்காக விஞ்ஞானி எட்டு வருடம் மாடாய் உழைத்திருந்தாள். எலிகளைக் காப்பாற்றியாகிவிட்டது. இனி மனிதர்களிடம் சோதிக்க அரசின் அனுமதிக் குழு ஒப்புதல் தர வேண்டும். இந்த முறையும் கிடைக்காவிட்டால் மாதக் கடைசியில் ஆய்வகத்துக்குப் பூட்டுதான்.

குழுத் தலைவருக்கு ஆய்வகத்தில் 'மேலட்டை' என்று பெயர். எந்த விண்ணப்பத்திலும் அதைத் தாண்டி அவர் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

நான்கு முறை நிராகரித்திருந்தார். அந்த நான்கு கடிதங்களையும் சாப்பாட்டு மேசையில் ஒன்றன் கீழ் ஒன்றாகப் பரப்பினாள். வைரஸ்களின் மரபு வரிசைகளை அப்படித்தான் அடுக்கி மாறாத இடத்தைத் தேடுவாள், கைப்பழக்கம். காரணங்கள் கடிதத்துக்குக் கடிதம் மாறின. ஒன்றில் பக்கங்கள் அதிகம், இன்னொன்றில் குறைவு. ஒரே ஒரு வரி மட்டும் நான்கிலும் எழுத்துப் பிசகாமல் இருந்தது: 'எந்த ஆண்டின் வைரஸ் வகைக்கானது என்று குறிப்பிடப்படவில்லை.'

"எல்லா வருஷத்துக்கும்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் கணவன் எட்டிப் பார்த்தான். "அவருக்கு வேண்டியது ஒரு வருஷம்தானே? எழுதிக் குடுத்துடு."

"அது பொய் இல்லையா?"

"எல்லா வருஷத்துக்கும் கேக்கும்னா இந்த வருஷத்துக்கும் கேக்கும்ல? இதுல பொய் எங்க வந்துச்சு?"

எட்டு வருடப் படிப்பாளிக்கு இது தோன்றவில்லையே என்று அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. நீல அட்டை போட்டு, 'இவ்வாண்டு வகைக்கான புத்தம்புதிய தடுப்பூசி' என்று அச்சிட்டாள். உள்ளே ஒரு காற்புள்ளியைக்கூடத் தொடவில்லை.

கூட்டத்தில் மேலட்டை அந்த நீலத்தை ஆசையோடு தடவினார். "இப்பதாம்மா வழிக்கு வந்திருக்கீங்க. போன தடவை கொண்டு வந்ததுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்!"

"எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான் சார்," என்றாள், முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

ஒப்புதல் கடிதம் வந்த அன்று அவள் வாய்விட்டு அழுதாள். ஆய்வகம் பிழைத்தது. கணவன் கடிதத்தை வாங்கி, அடியில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தான்: 'இது இவ்வாண்டுக்கு மட்டுமே செல்லும். அடுத்த ஆண்டு முற்றிலும் வேறொரு தடுப்பூசியுடன் விண்ணப்பிக்கவும்.'

அழுகை பாதியில் நின்று சிரிப்பு வந்துவிட்டது. வாழ்க்கையில் முதல்முறையாக அந்த வைரஸின் மேல் அவளுக்கு இரக்கம் பிறந்தது. பாவம், அதுவும் எந்த மேலட்டையிடம் மாட்டிக்கொண்டு தொப்பி மாற்றிக்கொண்டிருக்கிறதோ!

கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினியைத் திறந்தாள்.

"அடுத்த வருஷத்துக்கு என்ன கலர் போடலாம்?"

"பச்சை," என்றான் கணவன்.